புல் வெட்டிய வண்டி காட்டு வழியில் போன கதை

1994-ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் லாரன்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே வசித்து வந்த ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற 73 வயதுப் பெரியவருக்கு ஒரு செய்தி. அண்ணன் ஹென்றியைப் பக்கவாதம் தாக்கிவிட்டது. அண்ணன் இருப்பதோ பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில், ஏறத்தாழ 240 மைல் தொலைவில். ஆல்வினுக்குக் கண்பார்வை சரியில்லை, ஓட்டுநர் உரிமம் கிடையாது. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறிப் போகவும் மனமில்லை. என்ன செய்தார் தெரியுமா? வீட்டுப் புல்தரையை வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் ஒரு சிறிய இழுவை வண்டியைக் கட்டினார். கிளம்பிவிட்டார்!

அது 1966-ஆம் வருடத்து ஜான் டீர் வண்டி. மணிக்கு ஐந்து மைல் வேகம்தான் போகும். வழியில் பழுதானது, சரி செய்தார், மறுபடியும் போனார். ஆறு வாரம் கழித்து ஆகஸ்ட் நடுவில் அண்ணன் வீட்டு வாசலில் போய் இறங்கினார். 1999-ல் டேவிட் லிஞ்ச் இதைத் திரைப்படமாகவும் எடுத்தார்.

ஆல்வின் தன் வண்டியைப் பிரித்து மேயவில்லை, இருந்தபடியே ஓட்டினார். ஆனால் அந்தப் பயணம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் சொன்னது. புல் வெட்டுவதற்கென்று செய்த வண்டி புல் மட்டும்தான் வெட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை! இதைப் புரிந்துகொண்ட ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. பழைய புல்வெட்டும் வண்டிகளைக் காயலான் கடை விலைக்கு வாங்கி, பிரித்து, மாற்றி, சேற்றிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டுகிறவர்கள். இந்த வண்டி எங்கே பிறந்தது, எப்படிக் காட்டுக்குப் போனது, அதில் என்னென்ன மாற்றுகிறார்கள், எங்கே உயிருக்கு ஆபத்து என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

துணி ஆலையில் பிறந்த யோசனை

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷையர் பகுதியில் ஸ்ட்ரவுட் என்ற ஊர். கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர் போன இடம். அங்கே எட்வின் பியர்ட் பட்டிங் என்ற பொறியாளர் இருந்தார். நெய்த கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராக நறுக்க, ஆலைகளில் சுழலும் கத்திகள் கொண்ட ஓர் இயந்திரம் உண்டு. துணியில் இழையை நறுக்கும் கத்தி, தரையில் புல்லை நறுக்காதா என்று யோசித்தார் பட்டிங். 1830-ல் காப்புரிமை வாங்கினார். உலகின் முதல் புல்வெட்டும் இயந்திரம் அதுதான்.

அதுவரை புல்தரையைச் சமன்படுத்த அரிவாளோடு ஆட்கள் வேண்டும், இல்லாவிட்டால் ஆடுகள் மேய வேண்டும். அதனால் புல்தரை என்பது பணக்காரர் வீட்டு அடையாளமாகவே இருந்தது. பட்டிங்கின் இயந்திரத்தை ஆள் தள்ள வேண்டும். பின்னர் பெரிய இயந்திரங்களைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு பட்டு புல் கெட்டுவிடக் கூடாது என்று அந்தக் குதிரைகளுக்குத் தோல் காலணி மாட்டினார்களாம்!

பட்டிங்கைப் பற்றி இன்னொரு சுவையான தகவல். திருகித் திருகி வாயின் அளவை மாற்றிக்கொள்ளும் ஸ்பேனர் ஒன்றையும் உருவாக்கியவர் அவர். புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரே அதைக் கழற்றுவதற்கான கருவியையும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்!

1893-ல் லங்காஷையரைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர் நீராவியால் ஓடும் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சம்னர் குடும்பமும் ஸ்பரியர் குடும்பமும் சேர்ந்து 1896-ல் தொடங்கிய நிறுவனமே 1907-ல் லேலண்ட் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. சென்னை எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்டின் பெயரில் பாதி அங்கிருந்து வந்ததுதான். புல்வெட்டும் இயந்திரத்துக்கும் நம்மூர் பஸ்ஸுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு!

1902-ல் இங்கிலாந்தின் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் சாதாரண வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து ஓட்டும் வண்டி வர இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

புறநகரும் புல்தரையும்

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு வீடு வேண்டும். நகரத்துக்கு வெளியே வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. 1947-ல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் தொடங்கிய லெவிட்டவுன் அதில் மிகவும் புகழ்பெற்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு புல்தரை. புல் வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை அதை வெட்டியே ஆக வேண்டும் என்று வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனை இருந்தது.

தேவை வந்தால் பொருள் வராமல் போகுமா? இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் எல்மர் பாண்ட் என்பவரும் அவர் மகன் சிசிலும் 1946-ல் சிறிய தோட்ட டிராக்டர் செய்யத் தொடங்கினார்கள். வீல் ஹார்ஸ் என்ற புகழ்பெற்ற பெயர் அங்கிருந்து வந்தது. இதைப் பார்த்துப் பெரிய டிராக்டர் நிறுவனங்களும் இறங்கின. 1961-ல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட், 1963-ல் ஜான் டீர் 110. இரண்டுமே தொடக்கத்தில் வெறும் 7 குதிரைத்திறன் என்ஜின் கொண்டவை.

இந்தக் கால வண்டிகளின் சிறப்பு என்னவென்றால், அவை வயலுக்கு டிராக்டர் செய்த கைகளே செய்தவை. கனமான இரும்புச் சட்டம், வார்ப்பிரும்புப் பாகங்கள், உறுதியான கியர் பாக்ஸ். புல் வெட்டுவதோடு உழவும், பனியைத் தள்ளவும், சுமை இழுக்கவும் முடிந்தது. பின்னாளில் பெரிய அங்காடிகளில் மலிவு விலைக்கு விற்கவென்று வந்த வண்டிகளில் சட்டம் மெலிந்தது, தகடு மெலிந்தது, கியர் பாக்ஸும் மெலிந்தது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குப் போகும்போது இதுதான் முதல் கேள்வியாக நிற்கும்.

முதலில் பந்தயம்

புல் வெட்டும் வண்டியைப் புல் வெட்டாத வேலைக்கு எடுத்தவர்கள் முதலில் நினைத்தது பந்தயத்தைத்தான். இண்டியானாவில் ட்வெல்வ் மைல் என்றொரு சின்ன ஊர். அங்கே 1963-ல் தொடங்கி ஜூலை 4, சுதந்திர தினத்தன்று புல்வெட்டும் வண்டிகளின் பந்தயம் நடந்து வருகிறது. இண்டியானாபோலிஸ் 500 கார் பந்தயத்தைக் கிண்டல் செய்வது போல இதற்கு 'ட்வெல்வ் மைல் 500' என்று பெயர் வைத்தார்கள்.

இங்கிலாந்தில் 1973-ல் வெஸ்ட் சஸ்ஸெக்ஸின் விஸ்பரோ கிரீன் கிராமத்தில், ஒரு மதுக்கடையில் நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். கார் பந்தயத்துக்குப் பணம் கொட்ட வேண்டியிருக்கிறதே, ஏழைக்கும் கட்டுப்படியாகிற பந்தயம் எதுவும் கிடையாதா? வெளியே மைதானத்தில் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டது விடை! ஜிம் காவின் என்பவர் முன்னின்று தொடங்கிய பிரிட்டிஷ் புல்வெட்டி பந்தயச் சங்கத்தில் பரிசுப் பணம் கிடையாது, வியாபாரம் கிடையாது. ஆனாலும் கார் பந்தய மேதை ஸ்டிர்லிங் மாஸ் இதில் வந்து ஓட்டி வென்றிருக்கிறார். அமெரிக்காவில் இதற்கென்று தேசிய அளவில் சங்கம் அமைந்தது 1992-ல்.

வேகப் பைத்தியம் இதோடு நிற்கவில்லை. 2014-ல் ஹோண்டா நிறுவனம் ஒரு புல்வெட்டும் வண்டிக்குள் 1000 சிசி மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பொருத்தி மணிக்கு 116 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டி, கின்னஸில் இடம் பிடித்தது.

ஆனால் காட்டு வழி வண்டியின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது.

மூன்று சக்கரமும் நான்கு சக்கரமும்

பாதையே இல்லாத இடத்தில் ஓட்டுவதற்கென்று நிறுவனங்கள் தனியாக வண்டி செய்தன. 1970-ல் ஹோண்டா மூன்று சக்கர வண்டி ஒன்றை அமெரிக்காவில் இறக்கியது. விலை 595 டாலர். பலூன் போல உப்பிய டயர்கள், அதற்குள் மிகக் குறைந்த காற்றழுத்தம். இதுதான் அதன் ரகசியம். காற்றுக் குறைந்த டயர் தரையில் அகலமாகப் படியும். அகலமாகப் படிந்தால் எடை பரவும். எடை பரவினால் மணலிலும் சேற்றிலும் புதையாது. 1980-களின் தொடக்கத்தில் சுஸுகியின் நான்கு சக்கர வண்டி வந்தது. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்து பலரைப் பலி வாங்கியதால், 1988-ல் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அமெரிக்காவில் அவற்றின் விற்பனையை நிறுவனங்கள் நிறுத்தின.

நான்கு சக்கர வண்டிகள் பெருகின, கூடவே விலையும் ஏறியது. கிராமத்து இளைஞனுக்கு அது எட்டாக் கனி. ஆனால் பக்கத்து வீட்டுக் கொட்டகையில் பார்த்தால், ஓடாத புல்வெட்டும் வண்டி ஒன்று துருப்பிடித்து நிற்கும். "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று கொடுத்துவிடுவார்கள்.

அந்த வண்டி ஏன் அப்படி நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கணக்குப் புத்தகம் சொல்லாத மதிப்பு

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் தெரிந்திருக்கும். உதாரணத்துக்கு 1500 டாலருக்கு ஒரு வண்டி. ஆயுள் 10 ஆண்டு, எறிமதிப்பு 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நேர்க்கோட்டு முறைப்படி ஆண்டுக்கு 145 டாலர் கழிப்போம். பத்தாம் ஆண்டு முடிவில் புத்தகத்தில் மிஞ்சுவது 50 டாலர். கணக்கு முடிந்தது.

ஆனால் வண்டி அப்படித் தேய்வதில்லை! அதன் பாகங்கள் ஒரே வேகத்தில் சாவதில்லை. முதலில் சாவது கீழே தொங்கும் வெட்டும் தட்டு. ஈரப் புல் துணுக்குகள் அதன் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, தகட்டை அரித்து ஓட்டையாக்கிவிடும். கத்தியைத் தாங்கும் பேரிங்குகள் அடுத்து போகும். புதுத் தட்டு வாங்கும் விலையைக் கேட்டால், பழைய வண்டிக்கு அவ்வளவு செலவா என்று உரிமையாளர் ஓரம் கட்டிவிடுவார். என்ஜின் நன்றாக இருக்கும். கியர் பாக்ஸ் நன்றாக இருக்கும். சட்டமும் சக்கரமும் நன்றாக இருக்கும். புல் வெட்ட முடியாது, அவ்வளவுதான்.

காட்டு வழிக்காரருக்கோ அந்தத் தட்டு வேண்டவே வேண்டாம்! ஒருவருக்குச் செத்துப்போன பாகம் இன்னொருவருக்குத் தேவையே இல்லாத பாகம். எறிமதிப்புக்கும் உண்மையான மதிப்புக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியில்தான் இந்தப் பொழுதுபோக்கே உயிர் வாழ்கிறது.

என்னென்ன மாற்றுகிறார்கள்?

முதல் வேலை, வெட்டும் தட்டைக் கழற்றுவது. இதில் விவாதத்துக்கே இடமில்லை. அமெரிக்கத் தரநிலை கத்தி முனைக்கு அனுமதிக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 347 கி.மீ. கல்லும் வேரும் நிறைந்த பாதையில் அந்தக் கத்தியோடு போவது தற்கொலைக்குச் சமம். தட்டு போனதும் வண்டிக்கு அடியில் இடைவெளியும் கிடைக்கிறது.

இரண்டாவது, டயர். புல்தரை டயர் புல்லைக் கிழிக்கக் கூடாது என்பதற்காகவே வழவழப்பாகச் செய்தது. சேற்றில் அது சும்மா சுழலும். அதனால் ஆழமான கட்டைகள் கொண்ட டயர்கள் பின்னால் ஏறும். அதில் காற்றைக் குறைவாக வைப்பார்கள். ஹோண்டாவின் பலூன் டயர் பாடம் இங்கேயும் பொருந்துகிறது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தி எப்படிப் போகிறது? பெரும்பாலான வண்டிகளில் என்ஜின் தண்டில் ஒரு கப்பி, கியர் பாக்ஸில் ஒரு கப்பி, நடுவில் ஒரு பெல்ட். கியர் பாக்ஸும் பின் அச்சும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். டிரான்ஸ்ஆக்சில் என்பார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. என்ஜின் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றுகிறது. என்ஜின் கப்பி 3 அங்குலம், கியர் பாக்ஸ் கப்பி 6 அங்குலம் என்றால், கியர் பாக்ஸுக்குள் போவது 1800 சுற்று. முதன்முதலாக இந்த வேலையில் இறங்கும் பையன்கள் என்ன செய்வார்கள்? இரண்டு கப்பிகளையும் இடம் மாற்றிப் போடுவார்கள். 7200 சுற்று! வண்டி நான்கு மடங்கு வேகம். பந்தயத்துக்கு இந்த வழிதான். ஆனால் வேகம் நான்கு மடங்கு ஏறினால் இழுவிசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சேற்றில் இறங்கியதும் பெல்ட் வழுக்கிப் புகையும், அல்லது என்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிடும்.

அனுபவசாலிகள் செய்வது தலைகீழ். என்ஜினில் இன்னும் சிறிய கப்பி, கியர் பாக்ஸில் இன்னும் பெரிய கப்பி. 2 அங்குலமும் 8 அங்குலமும் போட்டால் 900 சுற்றுதான் உள்ளே போகும். வேகம் பாதி, இழுவிசை இரு மடங்கு. மரத்தின் வேரையும் மேட்டையும் வண்டி நிதானமாக ஏறிக் கடக்கும். டயரிலும் இதே கணக்கு உண்டு. 20 அங்குல டயரை எடுத்துவிட்டு 24 அங்குல டயர் போட்டால், சக்கரம் ஒரு சுற்றில் 20 சதவீதம் கூடுதல் தூரம் போகும். அதாவது வண்டி தானாகவே வேகமாகி, இழுவிசை குறையும். அதை ஈடுகட்டவும் கப்பியைத்தான் மாற்ற வேண்டும். நல்ல காட்டு வண்டி என்பது கடையிலிருந்து வந்ததைவிட வேகமான வண்டியல்ல. அதைவிட மெதுவான வண்டி!

நான்காவது, டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரம் சுற்ற வேண்டும் என்பதால் இரு சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு இது. சேற்றில் இதுவே எதிரி. ஒரு சக்கரம் பிடிமானம் இழந்தால் அது மட்டும் வீணாகச் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். இதனால் சிலர் உள்ளே வெல்டிங் வைத்து இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறார்கள். இழுவை கூடும். ஆனால் கெட்டியான தரையில் வளைவது கஷ்டம், அச்சின் மேல் விழும் அழுத்தமும் கூடும். ஒன்று கொடுத்தால் ஒன்று போகும்.

பிறகு முன் அச்சு. புல்வெட்டும் வண்டியில் இது நடுவில் ஒரு முளையில் ஊசலாடும். ஸ்பிரிங் கிடையாது. மேடு பள்ளத்தில் இந்த ஊசலாட்டம் உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் மலிவு வண்டிகளில் அது வெறும் மடித்த தகடுதான். பள்ளத்தில் ஓங்கி விழுந்தால் வளைந்துவிடும். கூடுதல் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து அதை வலுவாக்குகிறார்கள். முன்பு சொன்ன பழைய வார்ப்பிரும்பு அச்சு வண்டிகளுக்கு இந்த வேலை மிகக் குறைவு. 1960-களின் வண்டிகளை இன்றும் தேடித் தேடி வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

எங்கே உயிர் போகும்?

இதுவரை படித்தவர்களுக்கு ஆசை வந்திருக்கலாம். அதனால்தான் இந்தப் பகுதி.

என்ஜினில் கவர்னர் என்று ஒரு சிறு அமைப்பு உண்டு. சுற்று 3600-ஐ ஒட்டியே நிற்கும்படி அது கட்டுப்படுத்தும். அதைக் கழற்றிவிட்டால் என்ஜின் அலறிக்கொண்டு வேகமெடுக்கும். ஆனால் இந்தச் சிறிய என்ஜின்களின் கனெக்டிங் ராடும், பல என்ஜின்களில் ஃப்ளைவீலும், அலுமினிய வார்ப்பு. அந்த வேகத்துக்கு அவை செய்யப்படவில்லை. ராடு முறிந்தால் என்ஜின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஃப்ளைவீல் சிதறினால் துண்டுகள் குண்டு போலப் பறக்கும். ஓட்டுபவரின் முழங்கால் அதற்குச் சில அடி தூரத்தில்தான் இருக்கிறது! பந்தயக்காரர்கள் கவர்னரை எடுக்கும்போது, உறுதியான உலோகத்தில் கடைந்தெடுத்த ராடையும் ஃப்ளைவீலையும் விலை கொடுத்து வாங்கிப் போடுகிறார்கள். காட்டு வழிக்கு வேகமே தேவையில்லை என்னும்போது கவர்னர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டுமே.

அடுத்தது எண்ணெய். கார் என்ஜினைப் போல இதில் பம்ப் இருக்க வேண்டும் என்பதில்லை. பல என்ஜின்களில் அடியில் கிடக்கும் எண்ணெயை ஒரு சிறு உறுப்பு வாரி வாரித் தெளிக்கும். அவ்வளவுதான். செங்குத்தான மேட்டில் வண்டி சாய்ந்து நின்றால் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், தெளிக்கும் உறுப்புக்கு எட்டாது. நிமிடங்களில் என்ஜின் இறுகிப்போகும்.

எல்லாவற்றையும் விட அபாயமானது கவிழ்வது. 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டாதீர்கள் என்பது புல்வெட்டும் வண்டிகளின் கையேடுகளில் வழக்கமாக இருக்கும் எச்சரிக்கை. 100 அடி தூரத்துக்கு 27 அடி உயரம் என்ற சரிவு அது. காட்டுப் பாதையில் இது சாதாரணம்! இத்தனைக்கும் அந்த எச்சரிக்கை, கீழே கனமான தட்டு தொங்கும் வண்டிக்குச் சொன்னது. தட்டைக் கழற்றி, பெரிய டயர் போட்டு உயர்த்தினால் ஈர்ப்பு மையம் மேலே போய்விடும். முன்பு கவிழாத சரிவில் இப்போது கவிழும். மூன்று சக்கர வண்டிகளின் வரலாறு இங்கே ஒருமுறை நினைவுக்கு வர வேண்டும். அவற்றை ஓட்டியவர்களும் விளையாட்டாகத்தான் ஏறினார்கள்.

பிரேக்கும் அப்படியே. மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்த, கியர் பாக்ஸின் ஓரத்தில் ஒரு சிறு தட்டு பிரேக் போதும். கப்பியை மாற்றி இருபது மைல் வேகத்தில் போகிறவருக்கு அது பிரேக்கே அல்ல. பந்தயங்களில் ஓட்டுபவரின் உடலோடு ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அவர் கீழே விழுந்தால் கயிறு ஸ்விட்சை இழுக்கும், என்ஜின் நின்றுவிடும். தனியாகக் காட்டுக்குப் போகிறவருக்கு இது இன்னும் அவசியம். பலர் முதலில் கழற்றி எறிவது, எழுந்தால் என்ஜினை நிறுத்தும் இருக்கை ஸ்விட்சைத்தான். இடைஞ்சலாக இருக்கிறதாம்!

மறையும் இயந்திரங்கள்

இந்த வண்டிகளைச் செய்த பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. மலிவு வண்டிகளுக்குப் பெயர் போன மர்ரே நிறுவனம் 2004-ல் திவாலானது. வீல் ஹார்ஸை 1986-ல் டோரோ நிறுவனம் வாங்கியது, 2007-ல் அந்தப் பெயரே நின்றுபோனது. எண்ணற்ற வண்டிகளுக்கு என்ஜின் கொடுத்த டெக்கம்சே 2008-ல் என்ஜின் தயாரிப்பை நிறுத்தியது. 1908-ல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 2020-ல் திவால் மனு கொடுத்து, புதிய உரிமையாளர் கைக்கு மாறியது. கலிபோர்னியா மாநிலமோ 2021-ல் ஒரு சட்டம் இயற்றி, 2024 முதல் புதிய சிறிய பெட்ரோல் என்ஜின்களின் விற்பனைக்குக் கதவடைக்கத் தொடங்கியது. புகை அதிகம் என்பதே காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. எதிர்காலம் பேட்டரி வண்டிகளுடையது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பதினைந்து வயதுப் பையன் பழைய பெல்ட் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட முடிந்தது. கப்பி ஏன் பெரிதாக இருக்கிறது, கவர்னர் ஏன் இருக்கிறது, எண்ணெய் எங்கே போகிறது என்று கையாலேயே கற்றுக்கொண்டான். மூடி முத்திரையிட்ட பேட்டரிப் பெட்டியும் மின்னணுப் பலகையும் அவனை அதே போல உள்ளே அழைக்குமா? கணக்குப் புத்தகத்தில் இந்தக் கல்விக்கு ஒரு பத்தி கிடையாது. தேய்மானம் எழுதி முடித்த பிறகும் ஒரு பொருள் எதையோ கொடுத்துக்கொண்டிருக்கிறது என்றால், அதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

ஆல்வின் ஸ்ட்ரெய்ட் 1996-ல் காலமானார். 28 வயதான பழைய வண்டி அது, அவர் ஓட்டியபோது. மணிக்கு ஐந்து மைல்தான். வேகமாகப் போக வேண்டும் என்று அவர் அதில் எதையாவது மாற்றியிருந்தால் ஒருவேளை பாதி வழியிலேயே என்ஜின் சிதறியிருக்கும். மெதுவாகப் போனார், போய்ச் சேர்ந்தார். காட்டு வழிக்கு வண்டி கட்டுகிறவர்கள் பல பெல்ட்டுகளை எரித்து, பல ராடுகளை முறித்த பிறகு கண்டுபிடித்ததும் அதே உண்மையைத்தான்.